எந்தக் கோளாறுக்கு எந்தக் கந்தோர்? யாழ்ப்பாணத்துச் சிறுகடைக்காரருக்கு

கொக்குவில், திருநெல்வேலி, மருதனார்மடம் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. பலசரக்குக் கடைகள், ஒரு மில், இரண்டு தையல் கடை, ஒரு பேக்கரி. என்னைத் தேடி வருகிறவர்கள் அநேகமாகக் கையில் ஒரு கடிதத்தோடுதான் வருவார்கள். தொழில் திணைக்களத்துக் கடிதம், மாநகர சபை அல்லது பிரதேச சபைக் கடிதம், இறைவரிக் கடிதம். வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இதுக்கு எவ்வளவு கட்ட வேணும்?”

நான் அந்தக் கடிதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு மற்றக் கடதாசிகளைக் கேட்பேன். கடிதம் எந்தக் கந்தோரிலிருந்து வந்ததோ அங்கேதான் பிழை என்று நினைத்து ஓடினால் பாதி நாள் வீண் அலைச்சல். பிழை அதற்கு முந்திய ஏதோ ஒரு கடதாசியில் கிடக்கும். அதைத் திருத்தாமல் இதற்குக் காசைக் கட்டினால், அடுத்த வருடம் அதே கடிதம் திரும்ப வரும். விடிய ஐந்து மணிக்குக் கடை திறந்து இரவு ஒன்பதுக்குப் பூட்டுகிற மனிதர், ஒரு முத்திரைக்காகவும் ஒரு திகதிக்காகவும் தண்டம் கட்டுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கடையில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். ஆனால் முதலாவதை எல்லோரும் செய்து பாருங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை மேசையைத் துடைத்து, இவற்றை வரிசையாக வையுங்கள்: வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ், இந்த வருட அனுமதிப்பத்திரம், கடை வாடகை உடன்படிக்கை, வங்கிப் புத்தகம், பில் புத்தகம், ரப்பர் முத்திரை, உங்கள் அடையாள அட்டை. பிறகு வெளியே போய்ப் பெயர்ப்பலகையை ஒரு படம் எடுத்து வாருங்கள்.

மூன்றே மூன்றை மட்டும் ஒப்பிடுங்கள். பெயர், விலாசம், திகதி.

போன வருடம் ஒரு கடையில் இப்படிச் செய்தபோது சான்றிதழில் கடைப் பெயரின் கடைசியில் ‘ஸ்ரோர்ஸ்’ என்று இருந்தது. பலகையில் ‘ரேடிங் சென்ரர்’. முத்திரையில் இரண்டும் இல்லை, உரிமையாளரின் தகப்பனார் பெயர். தகப்பனார் காலமாகி ஆறு வருடம். வங்கி, சபை, இறைவரி மூன்றும் அவருக்குக் கொடுத்த தொல்லை முழுவதும் அந்த மேசையில் கிடந்தது. எந்தக் கடதாசி மற்றவற்றோடு ஒத்துவரவில்லையோ அதைப் பென்சிலால் வட்டமிடுங்கள். கீழே படிக்கும்போது அந்த வட்டம் உதவும்.

“கடைப் பெயரில் வந்த காசோலையை வங்கி எடுக்கமாட்டேன் என்கிறது”

இது வங்கியின் பிடிவாதம் மாதிரித் தெரியும். பார்க்க வேண்டியது பெயர்ப் பதிவை.

உங்கள் சொந்த முழுப்பெயரிலேயே வியாபாரம் செய்தால் பெயர்ப் பதிவு கட்டாயமில்லை. அதை விட்டு ‘ஸ்ரோர்ஸ்’, ‘என்ரர்பிறைசஸ்’, ‘அன் சன்ஸ்’ என்று எதைச் சேர்த்தாலும் பதிய வேண்டும். வியாபாரம் தொடங்கி 14 நாளுக்குள் என்பது சட்டம். தனி உரிமையாளரும் கூட்டு வியாபாரமும் பதிவது பிரதேச செயலகம் ஊடாக; நம்மவர் வாயில் இன்னும் ஏ.ஜி.ஏ. கந்தோர்தான். விண்ணப்பத்தோடு கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் வேண்டும். இடத்துக்கான ஆதாரமும் கேட்பார்கள். சொந்தமென்றால் காணி உறுதி, வாடகையென்றால் உடன்படிக்கை. இங்கேதான் முதல் முடிச்சு. நம் பக்கத்தில் பாதிக் கடைகள் வாய்ப்பேச்சு வாடகையில் ஓடுகின்றன. காணிக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், சாவி மட்டும் சித்தப்பாவிடம். சித்தப்பா கையெழுத்து வைத்த துண்டு செல்லாது. அவருக்குக் காணிக்காரர் கொடுத்த அற்றோணித் தத்துவம், அதாவது தன் சார்பில் கையெழுத்து வைக்கக் கொடுத்த அதிகாரப் பத்திரம், இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அதை எடுப்பதுதான் உங்கள் முதல் வேலை, வங்கிக்குப் போவதல்ல.

பதிவு இருந்தும் வங்கி மறுக்கிறதா? அப்போது இந்த மூன்றில் ஒன்று: கடை இடம் மாறியிருக்கும், பங்காளி விலகியிருக்கும், உரிமையாளர் காலமாகியிருப்பார். எந்த மாற்றத்தையும் 14 நாளுக்குள் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. சான்றிதழ் ஒருதடவை எடுத்துச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். மாட்டுவது சரிதான், கடையில் பார்வைக்குத் தெரிய வைக்கச் சட்டமே சொல்கிறது. ஆனால் அதில் எழுதியிருப்பது இன்றைய நிலவரமாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெயர்ப் பதிவு அந்தப் பெயரை உங்கள் சொத்தாக்காது. உங்கள் மிளகாய்த்தூள் பக்கற்றின் பெயரை வேறொருவர் போட்டு விற்றால், பெயர்ப் பதிவுச் சான்றிதழைக் காட்டி நிறுத்த முடியாது. அதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் வியாபாரக் குறி பதிய வேண்டும். அது 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

“சபையிலிருந்து ஆள் வந்தார், லைசென்ஸ் இல்லை என்கிறார். போன வருடம் கட்டினேனே”

அதுதான் காரணம், போன வருடம் கட்டியது. சபையின் அனுமதிப்பத்திரம் எந்த மாதம் எடுத்தாலும் டிசம்பர் 31 வரைதான். ஒக்ரோபரில் எடுத்தவருக்கு அடுத்த ஒக்ரோபர் வரை செல்லும் என்று எண்ணம். ஜனவரி பிறந்ததும் அது வெறும் கடதாசி.

முதலில் உங்கள் கடை எந்தச் சபைக்குள் என்பதைப் பாருங்கள். யாழ்ப்பாணம் மாநகர சபைக்கும் நல்லூர் பிரதேச சபைக்கும் எல்லை ஓடுகிற வீதிகளில், எதிரெதிர்க் கடைகள் இரண்டு வேறு சபைக்குள் இருக்கும். பக்கத்துக் கடைக்காரர் போன இடத்துக்கே நீங்களும் போகாதீர்கள். ஆதன வரித் துண்டைப் பார்த்தால் சபையும் இலக்கமும் தெரியும். இலக்கம் மாறியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, உங்களுக்கு வேண்டியது அனுமதிப்பத்திரமா, வியாபார வரியா? சாப்பாட்டுக் கடை, பேக்கரி, சிகை அலங்கார நிலையம் போன்றவற்றுக்கு அனுமதிப்பத்திரம். அந்தப் பட்டியலில் வராத தொழில்களுக்கு வரி மட்டும். வரி கட்டிய பற்றுச்சீட்டை லைசென்ஸ் என்று நம்பி மாட்டிவைத்த சாப்பாட்டுக் கடைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் வாசித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

உணவு சம்பந்தப்பட்ட கடையென்றால் பணம் கட்டுவதற்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். பி.எச்.ஐ. வரத் தாமதம் என்று எல்லோரும் முறையிடுவார்கள். ஜனவரியில் எல்லாக் கடையும் ஒன்றாக விண்ணப்பித்தால் தாமதம் வராமல் என்ன செய்யும்? நவம்பரிலேயே போய்க் கதைத்து வையுங்கள்.

அவர் வரும்போது எதைப் பார்ப்பார் என்பதற்கு எனக்குத் தெரிந்த வரிசை இது. வேலை செய்கிறவர்களின் மருத்துவச் சான்றிதழ். சமைத்த உணவுக்கு மூடி. கை கழுவும் இடம், அங்கே சவர்க்காரம். கழிவு நீர் எங்கே போகிறது. அதன்பிறகு தண்ணீர். யாழ்ப்பாணத்தில் தண்ணீரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்வேன். நம் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது சீக்கிரம் கீழே கிணற்றுக்குப் போய்விடும். தோட்டத்து உரத்தின் நைத்திரேற்று, மலசலகூடக் குழியின் கிருமி இரண்டும் குடாநாட்டுக் கிணறுகளில் தெரிந்த பிரச்சினை. கிணற்றுத் தண்ணீரில் பனிஸ் மா பிசைகிற பேக்கரிக்காரர், பி.எச்.ஐ. கேட்கும்வரை காத்திருக்காமல் தண்ணீரைச் சோதித்து அறிக்கையைக் கோவையில் வைத்திருந்தால், அந்தப் பரிசோதனை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். என் பேக்கரிக்காரர் அப்படித்தான் செய்கிறார்.

கடையில் சிகரெட் விற்றால் 21 வயதுக்குக் குறைந்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்ற அறிவித்தல் பலகையையும் அவர் தேடுவார். அது 2006ஆம் ஆண்டுச் சட்டம்.

“தராசு புதிது, எடை சரி. ஆனாலும் வழக்கு என்கிறார்கள்”

எடை சரியாக இருப்பது வேறு, தராசு முத்திரையிடப்பட்டிருப்பது வேறு. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசும் படிக்கல்லும் வருடத்துக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரை இடப்பட வேண்டும். மாவட்டச் செயலகத்தில், அதாவது கச்சேரியில், அளவீட்டு அலகுகள் பிரிவு இருக்கிறது.

என் அப்பாவின் கடையில் இரும்புப் படிக்கல் இருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னக் குழி, அதற்குள் ஈயம் உருக்கி ஊற்றியிருக்கும். வருடா வருடம் அந்த ஈயத்தில் ஒரு அடையாளம் அடிப்பார்கள். சின்ன வயதில் விரலால் தடவிப் பார்ப்பேன், அடித்து அடித்து ஈயம் மேடும் பள்ளமுமாக இருக்கும். கல் தேய்ந்து எடை குறைந்தால் அந்த ஈயத்தில்தான் கூட்டிச் சரி செய்வார்கள். இன்றைய இலத்திரனியல் தராசுக்கும் அதே நியாயம்தான். முத்திரையை நீங்களோ திருத்துகிறவரோ கழற்றினால், எடை எவ்வளவு சரியாக இருந்தாலும் அது முத்திரையில்லாத தராசு.

ஆகவே: முத்திரையில் எந்த வருடம்? திருத்தக் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் திருத்தியபின் மீண்டும் முத்திரைக்குக் கொண்டுபோனீர்களா? அநேகமாக மூன்றாவதில்தான் பிடிபடுவார்கள். அப்புறம், சமையலறையில் வைக்கிற சின்னச் சுருள்வில் தராசைக் கடை மேசையில் வைக்காதீர்கள்.

“ஒரு தண்ணீர்ப் போத்தலுக்காக நீதிமன்றமா?”

ஆம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் உச்ச விலை நிர்ணயமான பொருளைக் கூட்டி விற்றால், 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தனியாளுக்குக் குறைந்த தண்டமே 1 இலட்சம் ரூபாய், கூடியது 5 இலட்சம். கம்பனியாக இருந்தால் 5 இலட்சத்திலிருந்து 50 இலட்சம் வரை. நீதவான் இரக்கப்பட்டாலும் அந்த அடிமட்டத்துக்குக் கீழே இறங்க இடமில்லை.

பிழை எங்கே நடக்கிறது என்றால் குளிர்சாதனப் பெட்டியில். “கரண்ட் செலவு” என்று 10 ரூபாய் கூட்டுவார்கள். 2025 ஏப்ரலிலிருந்து 1 லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் உச்ச விலை 100 ரூபாய். அது குளிராக இருந்தாலும் சூடாக இருந்தாலும் 100தான். உங்களுக்கு வரும் மொத்த விலை கட்டுப்படியாகவில்லையென்றால் வேறு விநியோகஸ்தரைப் பாருங்கள், அல்லது அந்தப் பொருளை எடுக்காதீர்கள். இருப்பில் வைத்துக்கொண்டு இல்லையென்று சொல்வதும் குற்றம்.

இன்னும் மூன்று இடம் பாருங்கள். பக்கற்றில் அச்சிட்ட விலைக்கு மேல் ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கிறதா? விலைப்பட்டியல் வாடிக்கையாளர் நிற்கிற இடத்திலிருந்து வாசிக்கத் தெரிகிறதா? காலாவதிச் சாமான் முகவருக்குத் திருப்பிக் கொடுக்க வைத்திருந்தால், அது விற்பனைத் தட்டில் இல்லாமல் ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதிய தனிப் பெட்டியில் இருக்கிறதா? “திருப்பிக் கொடுக்கத்தான் வைச்சனான்” என்ற சொல்லை நம்ப வைப்பது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

பைகளும் இப்போது சேர்ந்துவிட்டன. 2025 நவம்பர் 1 முதல் கைபிடி வைத்த பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது. அதற்குரிய விலையைப் பில்லில் காட்ட வேண்டும்.

“வேலையை விட்டுப் போன பொடியன் தொழில் கந்தோரில் முறையிட்டிருக்கிறான்”

இதுதான் என்னிடம் அதிகம் வருவது, அதிகம் செலவு வைப்பதும் இதுதான். ஆறுதலாகப் படியுங்கள்.

ஒரு பலசரக்குக் கடை முதலாளி, அறுபது வயது தாண்டியவர், கடிதத்தை என் முன் வைத்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நான் ஆரையும் ஏமாத்தேல்லை. அவன்தான் ஈ.பி.எப். வேண்டாம் அண்ணை, கையிலை முழுக் காசாத் தாங்கோ எண்டவன். எழுதியும் தந்தவன்.” உண்மையாகவே எழுதிக் கொடுத்திருந்தான், முத்திரை ஒட்டிக் கையெழுத்தும் வைத்து. அந்தக் கடதாசிக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. ஈ.பி.எப்., அதாவது ஊழியர் சேமலாப நிதியை, வேண்டாம் என்று சொல்ல ஊழியருக்கே உரிமை இல்லை. இரண்டு பேரும் மனமொத்துச் செய்த ஒப்பந்தமாக இருந்தாலும் நட்டம் முதலாளிக்குத்தான் வரும்.

விதி இதுதான். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் பதிய வேண்டும். முதல் நாளிலிருந்தே. தற்காலிகம், பழகுநர், நாட்கூலி, துண்டு வேலை என்ற பிரிவினை இதில் இல்லை. ஊழியரின் உழைப்பிலிருந்து 8 வீதம், உங்கள் கையிலிருந்து 12 வீதம். இதைத் தவிர ஊழியர் நம்பிக்கை நிதியம், ஈ.ரி.எப்., 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி 3 வீதம். அது முழுக்க உங்களுடையது, சம்பளத்தில் கழிக்கக் கூடாது. இரண்டையும் அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் கட்டிவிட வேண்டும்.

40,000 ரூபாய்ச் சம்பளத்துக்குப் போட்டுப் பார்ப்போம். ஊழியரிடம் கழிப்பது 3,200. அவர் கையில் 36,800. உங்கள் பங்கு 4,800, ஈ.ரி.எப். 1,200. ஆக அந்த ஆளுக்கு உங்கள் மாதச் செலவு 46,000. வேலைக்கு எடுக்கும்போதே 46,000 என்று மனதில் வைத்து எடுங்கள். 40,000 என்று எண்ணி எடுப்பவர்தான் பிறகு “வேண்டாம் என்று எழுதித் தா” என்ற இடத்துக்கு வருகிறார்.

இப்போது கட்டாமல் விட்ட கணக்கு. அந்த மாதச் சம்பளம் கொடுக்கும்போது 8 வீதத்தைக் கழிக்காமல் விட்டால், பிறகு அதை ஊழியரிடம் கேட்க முடியாது. 20 வீதமும் முதலாளி தலையில். 40,000க்கு மாதம் 8,000. இரண்டு வருடத்துக்கு 1,92,000. ஈ.ரி.எப். 28,800. அதற்கு மேல் தாமதக் கட்டணம், 5 வீதத்தில் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் பிந்திய மாதங்களுக்கு 50 வீதம் வரை. அந்த முதலாளி இந்தத் தொகையைக் கேட்டுவிட்டு வெகுநேரம் கதைக்கவில்லை. மனைவியின் நகை ஒன்று அடகுக்குப் போனது.

சரி, கடிதம் வந்துவிட்டது, என்ன செய்வது?

குறித்த நாளில் கட்டாயம் போங்கள். போகாமல் விட்டால் கோவை நீதவான் நீதிமன்றப் பக்கம் நகரும். போகும்போது சம்பளப் பதிவு, வரவுப் பதிவு, நியமனக் கடிதப் பிரதி, சம்பளம் வங்கியில் போட்டிருந்தால் அதன் கூற்று எல்லாம் கொண்டுபோங்கள். ஒன்றும் இல்லையென்றால் முறைப்பாட்டுக்காரர் சொல்லும் திகதியும் சம்பளமும்தான் கணக்கின் அடித்தளமாகும். அவர் மூன்று வருடம் என்று சொன்னால் அது ஒன்றரை வருடம்தான் என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? இதற்காகவாவது ஒரு கொப்பி வையுங்கள். திகதி, பெயர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. 80 பக்கக் கொப்பி போதும்.

கட்டியிருந்தும் முறைப்பாடு வந்தால், பார்க்க வேண்டியது பெயரும் அடையாள அட்டை இலக்கமும். நம் பெயர்களில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக நிற்கும். ஒரே ஆள் ஓரிடத்தில் ‘க. சிவராசா’, இன்னோரிடத்தில் ‘சிவராசா கந்தையா’, ஆங்கில எழுத்தில் ‘ராசா’வும் ‘ராஜா’வும் மாறி மாறி. அடையாள அட்டை இலக்கமும் பழையது 9 இலக்கமும் ஒரு எழுத்தும், 2016இலிருந்து வருவது 12 இலக்கம். பழையதில் அங்கத்துவம் பதிந்து, புதியதில் மாதப் படிவம் நிரப்பினால், பணம் போய்ச் சேர்ந்தும் ஆளின் கணக்கில் ஏறாமல் நிற்கும். அடுத்தது மாதம். அந்த மாதப் படிவத்தில், அதாவது ‘சி’ படிவத்தில், எந்த மாதச் சம்பளத்துக்கான பங்களிப்பு என்று எழுத வேண்டிய இடத்தில், கட்டிய மாதத்தை எழுதிவிடுவார்கள். ஒரு மாதம் இரட்டிப்பாகவும் ஒரு மாதம் வெற்றாகவும் தெரியும். பற்றுச்சீட்டுகளை மாத வரிசையில் அடுக்கினால் அரை மணித்தியாலத்தில் கண்டுபிடிக்கலாம்.

மூன்றாவது பிழை, அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கணக்குப் போடுவது. வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறைச் சம்பளம், கொடுக்கிற சாப்பாட்டின் பெறுமதி எல்லாம் சேர்த்துத்தான் 8, 12. மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது.

ஈ.பி.எப். முறைப்பாட்டுக்கு வந்த அதிகாரி மற்றவற்றையும் பார்ப்பார். தேசிய ஆகக் குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. “சாப்பாடும் படுக்க இடமும் குடுக்கிறன்” என்று அதைக் குறைக்க முடியாது. கடைகளுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம்: நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு, கிழமைக்கு ஒன்றரை நாள் ஓய்வு, முதல் வருடம் முடிந்தால் 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் சாதாரண லீவு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இரவு பதினொன்று வரை பொடியன்களை நிறுத்துகிற கடைகள் அந்த 25 நாளின் மேலதிக நேரத்தைக் கொப்பியில் எழுதுவதே இல்லை. எழுதுங்கள், கொடுங்கள். அது அவர்கள் உழைத்த காசு. மில்லிலும் பட்டறையிலும் வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சட்டத்துக்குப் பதிலாகச் சம்பளச் சபைகளின் விதி பொருந்தும், உங்கள் தொழிலுக்கு எது என்று தொழில் கந்தோரில் கேளுங்கள்.

16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பள்ளி விடுமுறைக்கென்றாலும் வேலைக்கு வைக்காதீர்கள். 2021இல் வயதெல்லை 14இலிருந்து 16 ஆனது.

“வரி கட்டுமளவுக்கு வருமானமே இல்லை. ஏன் இறைவரிக் கடிதம்?”

வரி செலுத்துநர் இலக்கம், ரின் நம்பர், எடுத்தீர்கள், அறிக்கை அனுப்பவில்லை. அநேகமாக அவ்வளவுதான். வரி பூச்சியமாக இருந்தாலும், அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தால் அறிக்கை போக வேண்டும். வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அறிக்கைக்கு நவம்பர் 30 கடைசி நாள். வரி இருந்தால் அதை ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு தவணையாகவும், மிச்சத்தைச் செப்ரெம்பர் 30இலும் கட்ட வேண்டும்.

பயப்படுகிற அளவுக்குத் தொகை இல்லை என்பதையும் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் தனியாளுக்கு 18 இலட்சம் வரை விலக்கு. வருட இலாபம் 24 இலட்சம் என்றால் மிச்சம் 6 இலட்சத்துக்கு 6 வீதம், 36,000 ரூபாய். இதைக் கட்டப் பயந்து ஒளித்துவிட்டு, பிறகு கடன் எடுக்க வங்கி கணக்கு கேட்கும்போது ஒரு அறிக்கையும் இல்லாமல் நிற்கிறவர்களை எனக்குத் தெரியும்.

நம் ஊருக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. கனடாவிலிருந்து அக்கா அனுப்புகிற காசும் கடையின் அன்றாட விற்பனையும் ஒரே வங்கிக் கணக்கில் விழும். வருடக் கடைசியில் வைப்பு 90 இலட்சம், நீங்கள் காட்டிய விற்பனை 60 இலட்சம். இடையில் உள்ள 30 இலட்சம் என்ன என்று கேட்டால், அம்மாவின் ஒப்பரேஷனுக்கு வந்தது, தங்கச்சியின் கலியாணத்துக்கு வந்தது என்று வாயால் சொல்வீர்கள். எழுத்தில் எங்கே? இன்றே இரண்டு கணக்காகப் பிரியுங்கள். பழைய வருடங்களுக்கு, வங்கியில் வெளிநாட்டுப் பணம் வந்த ஒவ்வொரு தடவைக்கும் உரிய சிட்டையைக் கேட்டு எடுத்து, யார், எதற்கு என்று பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். பதிவேடுகளை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மழைக்கு ஒழுகாத பெட்டியில் வையுங்கள்.

வற், அதாவது பெறுமதி சேர் வரி பற்றி ஒன்றே ஒன்று. பதியாமல் பில்லில் வற் என்று அறவிடாதீர்கள். 2024 ஜனவரியில் வைத்த பதிவு எல்லை வருடத்துக்கு 6 கோடி ரூபாய் விற்பனை, அல்லது காலாண்டுக்கு 1 கோடி 50 இலட்சம். 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்க முன்மொழிந்தார்கள்; இன்றைய எல்லை எது என்று கேட்டுப் பாருங்கள். கட்டடப் பொருள் விற்கிறவர்களே, நீங்கள் இலாபத்தைப் பார்க்காமல் விற்பனையைக் கூட்டிப் பாருங்கள்.

சில சிறிய அறிகுறிகள்

சுப்பர் மார்க்கற் உங்கள் ஒடியல் மா, மிளகாய்த்தூள் பக்கற்றைத் திருப்பி அனுப்பினால் முதலில் லேபிளைப் பாருங்கள்: தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, நிகர எடை, விலை, உற்பத்தியாளர் விலாசம், சேர்மானம். திகதியைப் பேனையால் எழுதியிருந்தால் அது அழியும்.

பக்கத்து வீட்டார் சத்தம், தூசி என்று முறையிட்டால் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய தொழில்கள் சிலவற்றுக்கு அதைக் கொடுப்பது சபையேதான். வியாபார அனுமதிப்பத்திரம் இதற்கு ஈடாகாது.

ஒரு ரெண்டருக்காகக் கம்பனி பதிந்துவிட்டு மறந்துபோனீர்களா? வியாபாரம் நடக்காவிட்டாலும் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி வருடாந்த அறிக்கை, படிவம் 15, கம்பனிப் பதிவாளருக்குப் போக வேண்டும். தேவையில்லையென்றால் முறைப்படி மூடுங்கள்.

எல்லாம் ஒன்றாக வந்துவிட்டால்

முன்பு சொன்ன மேசைக்காரர், தகப்பனார் பெயர் முத்திரையோடு இருந்தவர், அவருக்கு அப்படித்தான் வந்தது. சபை, தொழில், இறைவரி மூன்றும் ஒரே மாதத்தில். நாங்கள் போன வரிசை இதுதான்.

நாள் குறித்த கடிதம் எதுவோ அதற்கு முதலில் பதில். தொழில் கந்தோருக்குப் போய் நிலுவையை ஒத்துக்கொண்டு, தவணையாகக் கட்ட எழுத்தில் கேட்டோம். அதே கிழமை பிரதேச செயலகத்தில் பழைய பெயர்ப் பதிவை முடித்து, மகன் பெயரில் புதிதாகப் பதிய விண்ணப்பித்தோம். சான்றிதழ் கையில் வந்தபின்தான் சபைக்குப் போனோம், புதிய பெயரிலேயே அனுமதிப்பத்திரம் எடுக்க. பிறகு வங்கி, பிறகு இறைவரி. பெயர்ப்பலகையைக் கடைசியில் மாற்றினோம், ஏனென்றால் அதற்குத்தான் காசு கூட.

முத்திரை வெட்டுகிற கடையில் நின்று, சான்றிதழைப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவர் காசைக் கொடுத்தார்.